நான்கு என்ஜினும் ஒரு வாளியும்

தைரியசாலிகள் கையை வீசிக்கொண்டு வெளியூர் போவார்கள். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குத்தான் மூட்டை முடிச்சு அதிகம். சேலம் வரை போய் ஒரு சட்டைத் துணி எடுத்து வருவதென்றாலும் என் பையில் குடை, டார்ச் லைட், மாற்று வேட்டி, ஊசி நூல், எலுமிச்சம்பழம், மடித்த சாக்கு ஒன்று, எல்லாம் இருக்கும். (சாக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். எதற்காவது ஆகும்.) "இந்த மனுசன் சொர்க்கத்துக்குப் போனாலும் மாத்துத் துணியோடதானுங்க போவாரு" என்று என் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை.

இப்படிப்பட்ட நான், நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானத்தில் வேலை பார்த்தவன் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. அன்றைக்கும் நம்பவில்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் என் மாமனார். அவரை நம்ப வைக்க நான் ஒரு ஏற்பாடு செய்தேன். அந்த ஏற்பாட்டின் கதைதான் இது.

எங்கள் வீடு அப்போது ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டில். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. பரீட்சை என்றால் முந்தின நாளே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்; காய்ச்சலோடு எழுதி ஒருவன் எத்தனை வகுப்புதான் ஏற முடியும்? அப்பா வேலை செய்த எஸ்டேட்டிலேயே என்னையும் சேர்த்துவிட்டார். காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் மெஷினுக்கு ஓர் ஆயில் என்ஜின் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை. அது எந்த நிமிஷமும் வெடித்துவிடும் என்று நான் நம்பினேன். அதனால் அதன் மூச்சு ஒன்றுவிடாமல் காது கொடுத்துக் கேட்டேன். இருமினால் துடைப்பேன், முனகினால் எண்ணெய் விடுவேன். பயத்தில் செய்ததை எல்லாம் மேஸ்திரி திறமை என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பெயரோடுதான், விமானப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சேலத்தில் போய் வரிசையில் நின்றேன். சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். என்ஜின் தெரிந்த கைகளுக்குத் தட்டுப்பாடு. எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மலைப்பாதையில் பஸ் ஏறினால், மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே என் வயிறு ஒரு முடிவுக்கு வந்துவிடும். கண்டக்டர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஏறியதும் ஜன்னல் ஓரம் ஒதுக்கித் தருவார்கள். மரியாதையால் அல்ல.

படையில் சேர்ந்த பிறகு முதல் லீவில் வந்தபோது ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில், அதே மலையில் வாழவந்திக்கு அருகில் இருந்த எஸ்டேட்டின் ரைட்டர் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு, வேலைக் கணக்கு எல்லாம் பார்க்கிறவர் ரைட்டர். துரைக்கு அடுத்தபடி அவர்தான். சலவை வேட்டி, சலவைச் சட்டை. ஏதோ புதுமனைப் புகுவிழாவுக்குப் போகிறார். முன் சீட்டில் அவர் மகள் சரசு. மூன்றாவது வளைவு வந்தது.

அதற்கு மேல் விவரிக்க வேண்டாம். வேட்டி வேட்டியாக இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பஸ்ஸை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார்கள். சாலை ஓரத்துக் கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரைட்டர் ஊற்றுத் தண்ணீரில் வேட்டியைக் கசக்கிக்கொண்டு என் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போது சரசு இறங்கி வந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

"மோந்து பாருங்க. சரியாப் போயிரும்."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. (என் பையில் இன்றைக்கும் எலுமிச்சம்பழம் இருப்பதற்கு அதுதான் காரணம். வாந்திக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.)

படையில் எனக்குக் கிடைத்தது லிபரேட்டர் என்ற விமானம். உலக யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் உடைத்துப்போட்டுவிட்டுப் போனவற்றை நம் ஆட்கள் ஒட்டி, பூசி, மறுபடி பறக்க வைத்திருந்தார்கள். பார்க்க, இறக்கை முளைத்த லாரி மாதிரி இருக்கும். இறக்கைக்கு இரண்டாக நான்கு என்ஜின். நான்கும் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கூட்டுக் குடும்பத்து அண்ணன் தம்பிகள் மாதிரி ஒன்று சமாதானமானால் இன்னொன்று முகத்தைத் தூக்கிக்கொள்ளும். விமானத்தின் நடு வயிற்றில் குண்டு அறை. அதன் கதவு, கடைவீதி ஷட்டர் சுருண்டு ஏறுவது போல இரண்டு விலாப் பக்கமும் சுருண்டு ஏறும். அறைக்கு நடுவில் முன்னும் பின்னும் போய்வர ஒரு பாதை. பாதை என்றால் ஒரு பாதம் அகலத்துக்கு ஒரு தகடு. இரு பக்கமும் குண்டுகளைத் தொங்கவிடும் கொக்கிகள். குண்டு போடுகிறவர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், கொக்கி வாயைத் திறந்து குண்டை விட்டுவிடும்.

நான் தரையில் என்ஜின் துடைக்கிறவனாகத்தான் இருந்தேன். ஒருநாள் ஆகாயத்தில் போகும் ஃப்ளைட் என்ஜினியருக்கு மஞ்சள் காமாலை. எங்கள் விமானத்தின் கேப்டன், கில் என்று நெட்டையான பஞ்சாபிக்காரர். அவர் பேச்சு பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். எனக்குப் புரிந்த தமிழில் தருகிறேன். நான் ஓர் எண்ணெய்க் கசிவைத் துடைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்து, போய், மறுபடி திரும்பி வந்து பார்ப்பதைக் கவனித்திருக்கிறார்.

"ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய்?"

"பயமாக இருக்கிறது சார்."

"நல்லது. பயப்படாத என்ஜினியரோடு பறந்து நான் ஒரு தடவை கரும்புத் தோட்டத்தில் இறங்கியிருக்கிறேன். நீ வா."

அப்படித்தான் எட்டாவது படித்தவன் என்ஜினியரானேன். கண்ணாடிக் குழாயில் பெட்ரோல் மட்டம் பார்ப்பது, ஒரு டாங்கியில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, என்ஜின் சூடேறினால் அதன் மூடிகளைத் திறந்து காற்று விடுவது, விமானம் ஏறும்போது இரண்டு பைலட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு வேகத்தைச் சத்தம் போட்டுச் சொல்வது, இதெல்லாம் என் பாடு. முதல் நாள் நான் வேகத்தைச் சொன்னதைக் கேட்டு கேப்டன், "குழந்தைவேலு, நீ வேகம் சொல்கிறாயா, கடவுளைக் கூப்பிடுகிறாயா?" என்று கேட்டார். இரண்டும்தான்.

மூன்றாவது வளைவையே தாண்டாத வயிறு மேகத்துக்குள் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கும் நான் முன்னேற்பாடாகத்தான் இருந்தேன். சமையல்கூடத்தில் கெஞ்சி ஒரு தகர வாளி வாங்கினேன். இறுக்கமான மூடி போட்டது. என் சாமான்கள் எல்லாவற்றிலும் எழுதுவது போல அதிலும் சிவப்புப் பெயிண்டில், இங்கிலீஷில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம், என் பெயரை எழுதினேன். கீழே "தொலைந்தால் சேர்க்க வேண்டிய இடம்: கொட்டச்சேடு, ஏற்காடு மலை, சேலம் ஜில்லா" என்றும் எழுதினேன். ஆகாயத்தில் போகிற வாளி எங்கே தொலையும், எவன் கொண்டுபோய் ஏற்காட்டில் சேர்ப்பான் என்று கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். (சிரித்தவர்களில் ஒருவரும் பிற்பாடு என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.)

வாளியை எங்கே வைப்பது? பைலட் பக்கத்தில் வைத்தால் மரியாதை இல்லை. கயிற்றில் கட்டினால் கயிறு அறுந்துவிடுமோ என்று பயம். விமானத்திலேயே பலமான இடம் எது என்று யோசித்தேன். அத்தனை கனக் குண்டைத் தாங்குகிற கொக்கி என் வாளியைத் தாங்காதா? குண்டுக் கொக்கியில் வாளியின் கைப்பிடியை மாட்டி, கொக்கியைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு விஷயத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தேன். அந்த ஒரு விஷயம்தான் என்னைக் கவிழ்த்தது.

இதற்கிடையில் வாழவந்தியில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா பழனியம்மாள், சரசுவைக் கேட்டு ரைட்டர் வீட்டுக்குப் போனாள். அந்தப் பேச்சை அக்கா எனக்கு அபிநயத்தோடு பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

"ஏனுங்க ரைட்டருங்க, எந்தம்பி இப்பப் பிளேன்ல போறானுங்க. என்ஜினியருங்க."

"எந்தத் தம்பி? பஸ்ஸுல என்ற வேட்டிய நாசம் பண்ணுனானே, அந்தக் கொழந்தவேலா?"

"அது அறியாத வயசுங்க."

"மீச மொளச்சிருந்துச்சேம்மா! மூணாம் வளைவத் தாண்டாதவன் மேகத்தத் தாண்டறானாக்கும்? அங்க எங்கயாச்சும் பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பான். பாத்திரம் கழுவறவனுக்குக்கூட என்ற புள்ளையக் குடுத்துருவேன். புளுகறவனுக்குக் குடுக்க மாட்டேன்."

சேலத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் வரன் ஒன்று அவருக்கு வந்திருந்தது. தை பிறந்ததும் அவர்களுக்கே முடித்துவிடுவதாக இருந்தார். அக்கா விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் ரைட்டர் ஒரு வார்த்தை சொன்னார்.

"சரி. அந்தப் பிளேனு நம்ம மல மேல வரட்டும். அவன் உள்ள இருக்கறான்னு இந்தக் கண்ணால எனக்குத் தெரியோணும். தெரிஞ்சா, உப்புச் சக்கர மாத்திக்கலாம். தெரியலீனா, இரும்புக்கடைதான்."

எங்கள் பக்கம் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பெண் உறுதியானது என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறக்கூடாது.

அக்கா இதை எழுதி அனுப்பியதும் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு நாள் படுத்திருந்தேன். கேப்டன் வந்து விசாரித்தார். அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த தத்தாவைக் கூப்பிட்டார். தத்தா வங்காளத்துக்காரர், வழி பார்ப்பதும் குண்டு போடுவதும் அவர் வேலை.

"அடுத்த பயிற்சிப் பறப்பில் தெற்கே போகிறோம் அல்லவா? இவன் ஊர் வழியில் இருக்கிறதா?"

தத்தா வரைபடத்தை விரித்தார். "கொஞ்சம் வளைத்தால் இருக்கிறது."

"வளைத்துவிடு. குழந்தைவேலு, நீ உள்ளே இருப்பது கிழவருக்கு எப்படித் தெரியும்?"

அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். ரைட்டருடைய எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்துக்கு நேர் மேலே வந்ததும் குண்டு அறைக் கதவைத் திறக்க வேண்டும். ஷட்டர் மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டு ஏறினால், அதுதான் நான் காட்டுகிற அடையாளம் என்று அக்காவுக்கு எழுதிவிடலாம். கேப்டனுக்குப் பிடித்துப்போயிற்று. தத்தாவுக்கு அதைவிடப் பிடித்துப்போயிற்று.

"காப்பிக் களம் எப்படி இருக்கும்?"

"சதுரமாக, வெள்ளையாக இருக்கும் சார். மேலே இருந்து பளிச்சென்று தெரியும்."

"அருமையான குறி! குண்டு இல்லாமல் வெறும் பயிற்சிக்கு ஒரு தடவை குறி பார்த்து அழுத்திக்கொள்கிறேன்."

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

அந்த நாள் வந்தது. காப்பி பறிப்புக் காலம். மலையில் பனி மூட்டம் இருந்துவிடுமோ என்று அதற்கு முந்தின வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. ஆனால் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. சேலம் சமவெளிக்கு மேல் வருவதற்குள் வெயில் ஏறி, காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. நான் தகட்டுப் பாதையில் தவழ்ந்து போய், கொக்கியில் தொங்கிய வாளியை மூடி திறந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, மூடியை இறுக்கிவிட்டு, திரும்பி வந்து பைலட்டுகளுக்குப் பின்னால் நின்றேன்.

மலை எழுந்து வந்தது. ஏரி ஒரு கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னியது. சவுக்கு, சில்வர் ஓக், அவற்றுக்கு அடியில் கரும்பச்சையாகக் காப்பி. நான் நடந்தே தேய்த்த மலை அது. மேலே இருந்து பார்த்தபோது கையில் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாழ்நாளில் அந்த ஒரு நிமிஷம் எனக்கு வயிறும் புரட்டவில்லை, பயமும் இல்லை.

தத்தாவின் குரல் காதில் கேட்டது. "களம் தெரிகிறது. கதவு திறக்கிறேன். குழந்தைவேலு, கொக்கிகள் எல்லாம் காலிதானே?"

"காலி சார்!" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது குண்டைப் பற்றி. வாளி குண்டா என்ன?

கதவு கடகடவென்று சுருண்டு ஏறியது. குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. கேப்டன் நன்றாகத் தாழ இறக்கினார். களமும் புள்ளி புள்ளியாய் ஆட்களும் கீழே ஓடி மறைந்தார்கள். "விட்டாயிற்று!" என்று தத்தா விளையாட்டாகக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் இல்லாத மீசையை முறுக்கினேன். (விமானத்தில் ஏற ஆரம்பித்தபோது அதை எடுத்துவிட்டிருந்தேன்.)

காவிரி தாண்டியதும் வயிறு மறுபடி கூப்பிட்டது. சாவகாசமாகத் தகட்டுப் பாதையில் தவழ்ந்து போனேன். கொக்கியைப் பார்த்தேன். கொக்கி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது.

வாளி இல்லை.

அவசரத்துக்கு என் தொப்பி உதவியது. பிறகு வெறுந்தலையோடு போய் கேப்டனிடம் நின்றேன்.

"சார், ஏற்காட்டில் ஒரு பொருள் விழுந்துவிட்டது."

"என்ன பொருள்?"

சொன்னேன். நான்கு என்ஜின் சத்தத்துக்கு நடுவிலும் அங்கே ஓர் அமைதி உண்டானதை நான் கேட்டேன்.

கேப்டன் கடைசியில், "காலியா, நிறைந்ததா?" என்று கேட்டார்.

"பாதி சார்."

தரை இறங்கியதும் அவர் என்னைக் கூப்பிட்டு, கையோடு லீவு கொடுத்தார். திட்டவில்லை. "உடனே போ. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் எனக்குத் தந்தி அடி. பழி என்னுடையது. கதவைத் திறக்கச் சொன்னவன் நான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. தத்தா ரயில் வரைக்கும் வந்தார். முகம் வெளுத்திருந்தது. ரயில் நகரும்போது மட்டும் அடக்க முடியாமல், "களத்தில்தான் விழுந்ததா என்று பார்த்துச் சொல்" என்றார்.

சேலத்தில் மலை பஸ்ஸில் ஏறினேன். கையில் வாளி இல்லை. கண்டக்டர் பழைய ஆள். என்னைப் பார்த்ததும் ஜன்னல் ஓரத்தைக் காட்டினார்.

"ஏப்பா கொழந்தவேலு, சங்கதி தெரியுமா? ஏரோப்பிளேன்காரனுக நம்ம மலையில குண்டு போட்டுட்டானுக!"

"யா... யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"வாழவந்திக்கிட்ட ரைட்டரு இருக்காரே அர்த்தநாரி, அவரு தலை மேலயே உழுந்துச்சாம்."

பின் சீட்டுக்காரர் திருத்தினார். "ஒண்ணு இல்லீங்க, மூணு குண்டுங்க. ரெண்டு வெடிக்கலியாம்."

"விஷக் குண்டுன்னு சொல்றாங்க" என்றாள் ஒரு கிழவி. "அப்படி ஒரு நாத்தமாம் சாமி."

அன்றைக்கு நான் முதல் வளைவிலேயே இறங்கிவிட்டேன். மிச்ச மலையை நடந்தே ஏறினேன். நான்தான் கொலைகாரன் என்பதை யாரிடம் முதலில் சொல்வது, போலீஸிடமா சரசுவிடமா என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். இனி இரும்புக்கடையோ தகரக்கடையோ, அந்த மனிதர் உயிரோடு இருந்தால் போதும் என்று சேர்வராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டேன்.

வாழவந்தியில் என்னைக் கண்டதும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வரவில்லை.

கீழே நடந்தது இதுதான். நான் கடிதத்தில் எழுதிய நாளில் ஊரே களத்தைச் சுற்றி நின்றிருக்கிறது. ரைட்டர் சலவை வேட்டி கட்டி, குடையை ஊன்றிக்கொண்டு, களத்து ஓரம் காப்பித் தோல் கொட்டி மக்கவைக்கும் குழிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். விமானம் வந்தது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. கதவு சுருண்டு ஏறியதும் அக்கா, "தொறக்கறான்! எந்தம்பி தொறக்கறான்!" என்று கத்தியிருக்கிறாள். ரைட்டர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, மேலே பார்த்து, "ஒத்துக்கறேன்டா கொழந்தவேலு, ஒத்துக்கறேன்" என்றாராம். அந்த வார்த்தை முடிவதற்குள் மேலே ஏதோ மின்னிக்கொண்டு சுற்றிச் சுற்றி இறங்கியது.

"ஏனுங்க, என்னமோ உழுகுதுங்க! ஓடுங்க!"

ஊர் ஓடியது. ரைட்டர் ஓடவில்லை. ஆட்கள் முன்னால் ரைட்டர் ஓடலாமா? வாளி சில்வர் ஓக் உச்சியில் மோதி, கிளை கிளையாகத் தட்டி, மிளகுக் கொடியில் ஊஞ்சலாடி, குழிக்குள் தொப்பென்று விழுந்தது. குழியில் இருந்தது எல்லாம் எழும்பி ரைட்டர் மேல் உட்கார்ந்தது. குடை விரித்திருக்கவில்லை.

மற்றவர்கள் குண்டு என்று பயந்து கிட்டே போகவில்லை. சரசுதான் போய், குச்சியால் புரட்டி, சிவப்பு எழுத்தைப் படித்தாளாம்.

"அப்பா, இது குண்டு இல்லீங்க. கொட்டச்சேட்டுக்குப் போவோணுமாம்."

நான் எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கழுவித் துடைத்து, ஒரு பக்கம் ஒடுங்கிப்போய், என் வாளி. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"எந்திரி. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பண்ணுன. சரி, எடமில்ல. இப்ப ஆகாசம் பூரா எடம் இருந்துச்சே, அப்பவும் என்னையவே தேடி வந்திருக்கற. எனக்கும் உனக்கும் அப்படி என்னப்பா பூர்வ ஜென்ம பந்தம்?"

"தெரியாம உழுந்துருச்சுங்க."

"நீ உள்ள இருக்கறதுக்கு அடையாளம் கேட்டேன், நெசந்தான். அதுக்கு உள்ள இருந்ததையே அனுப்பி வெப்பியா?"

இரும்புக்கடைக்காரர்கள் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றார். நான் தலையாட்டினேன். அது நியாயம்தான். வாளியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கையை நீட்டினேன்.

"அத வையுங்க" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள் சரசு. என்னைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்துப் பேசினாள்.

"ஏனுங்கப்பா, பஸ்ஸுல வேட்டி போனப்ப இவருகிட்ட வாளி இருந்துச்சுங்களா?"

"எங்க இருந்துச்சு? இருந்திருந்தா என்ற வேட்டி ஏன் போவுது?"

"இப்ப வெச்சிருக்கறாரு. மூடி போட்டு, பேரு எழுதி, ஊரு எழுதி. வருமுன்னு தெரிஞ்சே வாளியத் தூக்கிக்கிட்டு ஏறுறாரு. வருதுன்னு ஏறாம இருக்கல. இரும்புக்கடைக்காரரு பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மழை. கொட கொண்டாரல. உங்க இன்னொரு கொடையத்தான வாங்கிட்டுப் போனாரு? இன்னும் திருப்பிக் குடுக்கலீங்க."

ரைட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தோள்பையைக் காட்டினார்.

"அதுல என்னடா வெச்சிருக்கற?"

ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வைத்தேன். குடை. டார்ச் லைட். ஊசி நூல். சாக்கு. எலுமிச்சம்பழம். கடைசியாக, மடித்த சலவை வேட்டி ஒன்று.

"இது எதுக்கு?"

"உங்களுக்குத்தானுங்க. களத்துல நீங்கதான நின்னுருப்பீங்க, உங்க வேட்டி போயிருக்குமோன்னு பயந்து பஸ் ஏறறதுக்கு முன்னாலயே சேலத்துல வாங்குனேன். நீங்க..." வேட்டியை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்க இருந்தா கட்டிக்குவீங்கன்னு."

அவர் வேட்டியை விரித்துப் பார்த்தார். கரையைத் தடவினார். பிறகு, அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "உன்ற அக்காளக் கூப்புடு. உப்ப எதுல கொண்டாரதுன்னு வேற பாத்திரம் தேட வேண்டாம். இந்த வாளியிலயே கொண்டாரச் சொல்லு" என்றார்.

அப்படியே நடந்தது. சர்க்கரை தட்டில் வந்தது. உப்பு ஒடுங்கின வாளியில் வந்தது. என் கல்யாணத்துக்கு கேப்டன் ஒரு சுவர்க் கடிகாரம் அனுப்பினார். தத்தா அனுப்பிய வாழ்த்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. களத்து விளிம்பிலிருந்து குழி எத்தனை அடி என்று. அளந்து எழுதினேன். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சரியாக விழுந்தது அதுதானாம்.

பிற்பாடு அந்த விமானங்கள் பழசாகி ஓய்ந்துபோயின. நானும் ஓய்வு பெற்று மலைக்கே வந்து, சரசுவின் ஊரான வாழவந்தியிலேயே குடியேறிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. அன்றைக்கு ரைட்டர் மேல் தெறித்தது வெறும் காப்பித் தோலா, இல்லை மாப்பிள்ளை சாப்பிட்ட சோறுமா? மூடி கடைசி வரை கழலவில்லை என்பது என் கட்சி. மூடியைக் குழிக்கு வெளியேதான் கண்டெடுத்தேன் என்பது சரசுவின் கட்சி. மாமனாரிடம் கேட்டால், "மொதல் தடவ வந்த வாசன எனக்கு மறக்குமா?" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். சாகும் வரை தீர்ப்பு சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு உறுதி செய்தாலும் உப்பு அந்த வாளியில்தான் வரும். சம்பந்திகள் வெள்ளித் தட்டு கொண்டு வந்தால்கூட வாங்கி ஓரமாக வைத்துவிடுவோம். போன மாதம் பேத்தி ஒருத்திக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை கப்பலில் என்ஜின் பார்க்கிற பையன். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, தினம் வாந்தி, ஆனாலும் வேலையை விடவில்லை என்று யாரோ குறையாகச் சொன்னார்கள். சரசு விசாரித்ததெல்லாம் ஒன்றுதான்.

"வாளி வெச்சிருக்கறாரா?"

வைத்திருக்கிறாராம். முடித்துவிட்டோம்.

விசேஷத்துக்கு முந்தின நாள் வாளிக்குப் புதுசாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். பெயர் எழுதி, "தொலைந்தால் சேர்க்க வேண்டிய இடம்" என்று எழுதி, பழக்க தோஷத்தில் கொட்டச்சேடு என்று ஆரம்பித்தேன். பின்னால் நின்றிருந்த சரசு, பிரஷ் பிடித்த என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழிங்க அத. வாழவந்தின்னு எழுதுங்க. அன்னிக்கு வாளிக்குத் தெரிஞ்சது உங்களுக்கு இன்னும் தெரியலீங்களா?"